வாட்ஸும் கிலோவும்

தொண்ணூறுகளில் பாட்டுப் பெட்டி வாங்கிய யாருக்கும் ‘பிஎம்பிஓ’ மறந்திருக்காது. டூ-இன்-ஒன்னின் நெற்றியில் 800 வாட்ஸ் பிஎம்பிஓ என்று தங்க எழுத்தில் ஸ்டிக்கர் மின்னும். பெட்டியைத் திருப்பினால், மின்சாரம் எவ்வளவு இழுக்கும் என்ற இடத்தில் 20 வாட்ஸ் என்று பொடி எழுத்தில் இருக்கும். பிளக்கிலிருந்து 20 வாட் வாங்கி ஸ்பீக்கருக்கு 800 வாட் தரும் பெட்டி நிஜமாகவே இருந்திருந்தால், மேட்டூரில் அணை கட்டியே இருக்க வேண்டாம்.

இந்தக் கணக்கு நம்மூர்க் கண்டுபிடிப்பு அல்ல. 1960களின் அமெரிக்காவில் இதே விளையாட்டு அமோகமாக நடந்தது. சேனலுக்கு 20 வாட் தரும் ஒரு ஸ்டீரியோவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சேனலையும் கூட்டினால் 40. சராசரியை விட்டுவிட்டு அலையின் உச்சியில் அளந்தால் அது 80 ஆகிவிடும். ஒலி உடைந்து கரகரக்கும்வரை முடுக்கி, அதையும் கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் அளந்தால் 100-ஐத் தாண்டலாம். இதில் எந்த எண்ணும் முழுப் பொய் இல்லை. எப்படி அளந்தோம் என்பதை மட்டும் விளம்பரம் சொல்லாது.

அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974 நவம்பர் 4 முதல் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. வாட் என்று ஒரு எண்ணைச் சொன்னால், அது எத்தனை ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு, எந்த அதிர்வெண் முதல் எதுவரை, எத்தனை சதவீத டிஸ்டார்ஷனோடு (ஒலிச் சிதைவோடு) என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும் என்றது. எல்லாச் சேனல்களும் ஒரே சமயத்தில் ஓட வேண்டும். கண நேரத்துக்கு அல்ல, தொடர்ச்சியாக. எழுபதுகளின் ரிசீவர் விளம்பரங்களில் மாடல் பெயருக்குக் கீழே நான்கு வரிக்கு நீளும் அந்த வாக்கியம் இந்த விதி எழுத வைத்ததுதான்.

விதியில் இன்னொரு வரியும் இருந்தது. அளப்பதற்கு முன்னால் கருவியை ஒரு மணி நேரம், முழுத் திறனில் மூன்றில் ஒரு பங்கில் ஓட்டிச் சூடேற்ற வேண்டும். படிப்பவர்களுக்கு இது சலுகை போலத் தெரியும். முழுத் திறனில் ஓட்டச் சொல்லவில்லையே? பொறியாளர்களுக்கு மட்டும்தான் இதில் இருந்த குரூரம் புரிந்தது.

அந்தக் கால ஆம்ப்ளிஃபையரில், மின்சாரம் தரும் பகுதிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே பவர் டிரான்சிஸ்டர் நிற்கிறது. அதன் மேல் எவ்வளவு மின்னழுத்தம் மிச்சம் நிற்கிறதோ அதை, வழியே ஓடும் மின்னோட்டத்தால் பெருக்கினால் அது உமிழும் வெப்பம் கிடைக்கும். ஒலியே இல்லாதபோது மின்னழுத்தம் முழுதாக நிற்கும், ஆனால் மின்னோட்டம் பேருக்குத்தான் ஓடும். முழு ஒலியின்போது மின்னோட்டம் ஏராளம், ஆனால் மின்னழுத்தத்தில் பெரும்பகுதி ஸ்பீக்கருக்குப் போய்விடுவதால் டிரான்சிஸ்டர் மேல் மிச்சம் குறைவு. இரண்டுக்கும் நடுவில்தான் அதற்குத் தண்டனை. சைன் அலையை வைத்துக் கணக்குப் போட்டால் வெப்பம் உச்சத்தைத் தொடுவது முழுத் திறனில் சுமார் 40 சதவீதத்தில். மூன்றில் ஒரு பங்கு அதன் பக்கத்து வீடு. 160 வாட் சேனல் ஒன்று முழுத் திறனில் ஏறத்தாழ 44 வாட்டை வெப்பமாக வீணாக்கும் என்றால், மூன்றில் ஒரு பங்கில் 64 வாட்டை வீணாக்கும். இரண்டு சேனலுக்கும் சேர்த்து 128 வாட் வெப்பம், ஒரு மணி நேரம், மூடிய பெட்டிக்குள்.

நிறுவனங்கள் முணுமுணுத்தன. ஆனால் வழியில்லை. வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க் பெருத்தது, டிரான்ஸ்ஃபார்மர் பெருத்தது, அவற்றைத் தாங்கத் தகரமும் தடித்தது. இன்று பழைய ரிசீவரைத் தூக்கிப் பார்த்து “அந்தக் காலத்துச் சாமான்” என்று சிலாகிக்கிறோமே, அந்த எடையில் கைவினைஞரின் பெருமிதத்துக்கு எவ்வளவு பங்கோ, இந்த விதிக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

ரிசீவர் என்பது ரேடியோ டியூனர், இசைத்தட்டின் மெல்லிய சிக்னலைத் தூக்கும் ஃபோனோ பகுதி, ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்தது. ஸ்டீரியோவில் இதை முதலில் செய்தது ஹார்மன் கார்டன். 1958-இல் வந்த ஃபெஸ்டிவல் டிஏ230. அப்போது எஃப்எம் ஸ்டீரியோவே கிடையாது. சில நிலையங்கள் இடது காதுக்கானதை ஏஎம்மிலும் வலது காதுக்கானதை எஃப்எம்மிலும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பும் கூத்தெல்லாம் நடந்தது. 1961 ஜூன் 1-இல் அமெரிக்காவில் முறையான எஃப்எம் ஸ்டீரியோ தொடங்கிய பிறகுதான் சந்தை சூடு பிடித்தது. வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. மராண்ட்ஸ் நிறுவனம் 1964-இல் சூப்பர்ஸ்கோப்பின் கைக்கு மாறி, பிறகு தயாரிப்பு ஜப்பானுக்குப் போனது. பயனியர், சான்சுய், கென்வுட், யமஹா என்று ஜப்பானியப் பெயர்கள் வரிசையாக வந்தன. வியட்நாம் போர்க்காலத்தில் கிழக்காசியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ராணுவக் கேன்டீனில் மலிவாக வாங்கி ஊருக்கு அனுப்பிய பெட்டிகளே இந்தப் பெயர்களுக்குப் பாதி விளம்பரம்.

பிறகு வந்தது வாட் போட்டி. மராண்ட்ஸ் தன் மாடல் எண்ணிலேயே வாட்டை ஒளித்து வைத்தது: 2245 என்றால் சேனலுக்கு 45 வாட், 2270 என்றால் 70, 2325 என்றால் 125. பயனியரின் எஸ்எக்ஸ்-1010 சேனலுக்கு 100 வாட் என்ற கோட்டைத் தொட்டது. 1976-இல் எஸ்எக்ஸ்-1250 வந்து 160 என்றது. 1978-இல் எஸ்எக்ஸ்-1980, 270 வாட், எடை 35 கிலோவுக்கு மேல். மராண்ட்ஸ் 2600 சேனலுக்கு 300 என்றது. சான்சுய் ஜி-33000-உம் 300தான். ஆனால் ஒரே பெட்டியில் அடங்காமல் இரண்டாகப் பிரிந்தது. டெக்னிக்ஸ் எஸ்ஏ-1000 கடைசியாக 330 என்று முடித்து வைத்தது.

இந்த எண்களை வைத்து எது சிறந்தது என்று ஒப்பிடலாமா? ஒரே நிறுவனத்தின் ஒரே குடும்பத்தைப் பார்ப்போம். 1976-இல் வந்த பயனியர் எஸ்எக்ஸ்-50 வரிசையில் எட்டு அண்ணன் தம்பிகள்: 450, 550, 650, 750, 850, 950, 1050, 1250. சேனலுக்கு முறையே 15, 20, 35, 50, 65, 85, 120, 160 வாட். கடைக்குட்டிக்கும் மூத்தவனுக்கும் திறனில் பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

நம் காது கூட்டல் கணக்குப் போடுவதில்லை, மடங்குக் கணக்குத்தான் போடும். திறன் இரட்டிப்பானால் 3 டெசிபெல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபெல். ஒலி முன்னைவிட இரண்டு மடங்கு உரத்துக் கேட்கிறது என்று ஒருவர் சொல்வதற்குச் சுமார் 10 டெசிபெல் தேவை. ஆக, 450-இலிருந்து 1250 வரை ஏழு படி ஏறி, காசைக் கொட்டி வாங்கினால் கிடைப்பது ‘இரண்டு மடங்கு சத்தம்’. ஒரு படிக்குச் சராசரியாக ஒன்றரை டெசிபெல். 750-ஐயும் 850-ஐயும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் 1.1 டெசிபெல், கூர்ந்து கேட்டால்தான் பிடிபடும். அதுவும் வால்யூமை உச்சத்தில் வைத்தால் மட்டும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் இருந்தால், கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்கும்போது இந்த எட்டுப் பேருமே பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் கீழேதான் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

அப்படியானால் 160 வாட் வெறும் ஜம்பமா? முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. இசையின் சராசரிக்கும் உச்சத்துக்கும் இடையே 10 முதல் 20 டெசிபெல் இடைவெளி இருக்கும். தவிலில் ஓர் அடி விழும் அந்த நொடிப் பின்னத்துக்கு, சராசரி ஒரு வாட் என்றால் உச்சம் 100 வாட் கேட்கலாம். அத்தோடு ஸ்பீக்கர்களும் மாறியிருந்தன. எட்கர் வில்சூர் 1954-இல் ஏஆர்-1 மூலம் கொண்டுவந்த காற்றுப் புகாத சிறு பெட்டி, அலமாரியில் அடங்கும் உருவத்தில் ஆழமான பேஸ் தந்தது. அதற்கு விலையாக அது சோம்பேறி ஸ்பீக்கர். அதே சத்தத்துக்குக் கூடுதல் வாட் கேட்கும். ஸ்பீக்கர் 90-க்குப் பதில் 84 டெசிபெல் தருவதாக இருந்தால் ஆம்ப்ளிஃபையர் நான்கு மடங்கு வேலை செய்ய வேண்டும். எழுபதுகளின் வாட் போட்டிக்குப் பின்னால் விளம்பரத் துறை மட்டுமல்ல, இந்தப் பெட்டிகளும் இருந்தன.

முகப்பில் போடாத வித்தியாசங்கள்தான் ருசியானவை. 45 வாட்டை 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்குத் தர, அலையின் உச்சியில் 27 வோல்ட் போதும். 160 வாட்டுக்கு 51 வோல்ட், 270-க்கு 66. இவ்வளவு மின்னழுத்தத்தை, பேஸ் அடிக்கும்போதும் சரியாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 60 சுற்று. அதை டிசி ஆக்கும்போது வினாடிக்கு 120 முறைதான் புதிதாக நிரம்பும். இரண்டு நிரப்பலுக்கு நடுவே உள்ள எட்டு மில்லி வினாடியைக் கண்டன்சர்கள்தான் ஓட்டியாக வேண்டும். எஸ்எக்ஸ்-1250-இன் மேல்மூடியைக் கழற்றினால் டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மரோடு 22,000 மைக்ரோஃபாரட் கண்டன்சர் நான்கு நிற்பதைப் பார்க்கலாம். ஏறக்குறைய 30 கிலோ எடையில் பெரும்பங்கு அந்த இரும்பும் செம்பும் அலுமினியமும்தான். இரண்டு மாடல்களைக் காகிதத்தில் ஒப்பிட வேண்டுமென்றால், நான் வாட்டுக்கு முன்னால் கிலோவைத்தான் பார்ப்பேன். ஒரே வாட் போட்ட இரண்டு பெட்டிகளில் கனமானது, 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் மாட்டினாலும் மூச்சு வாங்காமல் ஓட வாய்ப்பு அதிகம்.

ஹார்மன் கார்டன் வேறு வழியில் போனது. 430 மாடல் 25 வாட், 730 மாடல் 40 வாட். கடையில் பயனியருக்குப் பக்கத்தில் வைத்தால் எண்ணிக்கையில் தோற்கும். ஆனால் இடது சேனலுக்கு ஒரு பவர் சப்ளை, வலதுக்கு ஒரு பவர் சப்ளை என்று தனித்தனியாகக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் டிரம் அடித்தால் மறுபக்கம் வயலினுக்கு மின்னழுத்தம் தள்ளாடாது. காதுக்கு எட்டாத அதிர்வெண்கள் வரை சீராகப் பெருக்க வேண்டும் என்பதும் அவர்கள் பிடிவாதம். 25 வாட் பெட்டிக்கு இத்தனை கவனம் தேவையா என்றால், என் அபிப்பிராயத்தில் அந்தத் தலைமுறையின் மிக நேர்மையான வடிவமைப்பு அதுதான்.

யமஹாவின் சிஆர் வரிசை இன்னொரு விஷயத்தைப் பிடித்தது. ஒலியைக் குறைத்தால் நம் காதுக்குப் பேஸ் முதலில் காணாமல் போகும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை வரைபடமாகக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பொத்தானை வைத்ததோடு விட்டுவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அறைக்கும் அந்தப் பொத்தான் ஒரே அளவு பேஸைக் கூட்டினால் சில வீட்டில் ‘தொம் தொம்’ என்று அடைக்கும், சில வீட்டில் போதாது. யமஹா அதைத் தொடர்ந்து திருகும் குமிழாக்கியது. முதலில் வால்யூமால் உங்கள் உச்ச அளவை வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இந்தக் குமிழால் குறைத்தால், ஒலி குறையக் குறையக் காதின் வளைவுக்கேற்ப நடு அதிர்வெண்கள் அதிகமாகத் தணியும். நடுராத்திரியில் மெல்லக் கேட்பவர்களுக்கு 100 வாட் கூடுதலாகக் கிடைப்பதைவிட இது பெரிய வரம்.

டியூனரிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. எஃப்எம் ஸ்டீரியோவில் இடதும் வலதும் சேர்ந்த கூட்டல் சிக்னல் வழக்கம்போல வரும். இடதிலிருந்து வலதைக் கழித்த சிக்னல் 38 கிலோஹெர்ட்ஸில் ஏறி வரும். இரண்டையும் பிரிக்க உதவும் 19 கிலோஹெர்ட்ஸ் ஊதல் ஒன்றும் கூடவே வரும். எஃப்எம்மில் அதிர்வெண் உயர உயர இரைச்சலும் உயர்வதால், ஸ்டீரியோ விளக்கு எரிந்ததும் பின்னணியில் ‘உஸ்’ என்று ஒரு சத்தம் கூடும். பலவீனமான நிலையத்துக்கு மோனோ பொத்தானைத் தட்டினால் அது அடங்கிவிடும். நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் டியூனிங் கேங்கில் சிறிய மாடல்களுக்கு மூன்று பிரிவு, பெரியவற்றுக்கு நான்கு, ஐந்து. பிரிவு கூடினால் பக்கத்து நிலையத்தை ஒதுக்கித் தள்ளும் சக்தி கூடும். மராண்ட்ஸ் இதை விரல் நுனியின் இன்பமாகவும் ஆக்கியது: வட்டக் குமிழுக்குப் பதில் முகப்பில் படுக்கைவாட்டில் பாதி தெரியும் கனமான சக்கரம். ஒரு சுண்டு சுண்டினால் முள் டயலின் மறுகோடி வரை தானே ஓடும். 2500, 2600 மாடல்களில் சிக்னலைப் பார்க்கக் குட்டி ஆசிலாஸ்கோப் திரையே வைத்தார்கள். தேவையா என்று கேட்கக் கூடாது.

இனி, ரசிகர்கள் சண்டை போடும் இடம். மராண்ட்ஸ் இதமாக ஒலிக்கும், பயனியர் பளிச்சென்று ஒலிக்கும், சான்சுய் நடுவில் என்பார்கள். மராண்ட்ஸ் 2270-இன் டிஸ்டார்ஷன் 0.3 சதவீதம், எஸ்எக்ஸ்-1980-க்கு 0.03. பத்து மடங்கு சுத்தம் என்று தோன்றும், ஆனால் இசையில் இரண்டுமே காதில் தனியாகக் கேட்கும் அளவில் இல்லை. புள்ளிக்குப் பின் சுழியங்களைக் கூட்டும் ஆசையில், வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளே திருப்பிப் பிழையைக் குறைக்கும் நெகட்டிவ் ஃபீட்பேக்கை அள்ளிப் போட்டால், திடீர் ஒலிகளின்போது மெதுவான டிரான்சிஸ்டர்கள் தடுமாறும் என்று ஃபின்லாந்துப் பொறியாளர் மட்டி ஓட்டலா எழுபதுகளிலேயே எச்சரித்தார். குறைந்த எண் எப்போதும் நல்ல ஒலி அல்ல என்ற சந்தேகத்தை விதைத்தவர் அவர்.

1987 ஜனவரியில் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை ஒரு சோதனையை வெளியிட்டது. இருநூற்றுச் சொச்ச டாலர் பயனியர் ரிசீவர் முதல் 12,000 டாலர் வால்வு ஆம்ப்ளிஃபையர் வரை, எது ஓடுகிறது என்று சொல்லாமல், ஒலியளவைத் துல்லியமாகச் சமன் செய்து கேட்க வைத்தார்கள். விலை உயர்ந்ததே மேல் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். யாராலும் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதன் சூட்சுமம் சமன் செய்ததில் இருக்கிறது. இரண்டு பெட்டிகளில் ஒன்று அரை டெசிபெல் உரக்க ஓடினாலும், காது அதை ‘சத்தம் கூட’ என்று சொல்லாது. ‘தெளிவாக இருக்கிறது’ என்று சொல்லும். வீட்டில் நாம் செய்யும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை இந்தக் குழியில் விழுந்தவைதான்.

ஆனால் அந்தச் சோதனையில் ஓடியவை எல்லாம் சரியாக வேலை செய்யும் கருவிகள். இன்று கைக்கு வரும் 2270-க்கு வயது ஐம்பதை ஒட்டி. ஆகவே ஒப்பிட வேண்டியது மாடலோடு மாடலை அல்ல, இந்தப் பெட்டியோடு அந்தப் பெட்டியை. எலக்ட்ரோலிடிக் கண்டன்சருக்குள் இருக்கும் ஈரம் வற்றியிருக்கும். ஃபோனோ பகுதியில் வற்றினால் பேஸ் மெலியும், பவர் சப்ளையில் வற்றினால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஹம் வரும். ‘இதமான ஒலி’ என்று புகழப்படும் சில பெட்டிகளில் நாம் கேட்பது மராண்ட்ஸை அல்ல, வற்றிய கண்டன்சரை. சான்சுய் சிலவற்றில் கண்டன்சர்களை அசையாமல் பிடிக்கத் தடவிய பசை, காலப்போக்கில் பழுப்பேறி மின்சாரம் கடத்தும், பக்கத்துக் கம்பிக் கால்களை அரிக்கும். பயனியர் சிலவற்றில் 2எஸ்ஏ726 என்ற சிறு டிரான்சிஸ்டர் வயதானதும் இரைச்சல் போடும்; வால்யூமை முழுக்கக் குறைத்தாலும் பொரிகிற சத்தம் வந்தால் முதல் சந்தேகம் அதன் மேல். வால்யூமைத் திருகும்போது மட்டும் கரகரவென்றால் பயப்பட ஒன்றுமில்லை, கான்டாக்ட் கிளீனர் போதும்.

சுவிட்சைப் போட்டதும் நான்கைந்து வினாடி கழித்து உள்ளே ‘டக்’ என்று ஒரு ரிலே விழும். அந்த ஒலிக்காகக் காத்திருங்கள். ஸ்பீக்கர் முனையில் டிசி இல்லை என்று உறுதியான பிறகே ரிலே இணைப்பைக் கொடுக்கும். ஒரு பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருந்தால் ஐம்பது வோல்ட் நேராக ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலில் பாய்ந்து ஒரே நொடியில் கருக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் இந்தக் காவல். டக் வரவில்லையென்றால் ரிலேயைக் கம்பி போட்டுத் தாண்ட முயலாதீர்கள். டக் வந்தாலும், ஸ்பீக்கர் மாட்டாமல் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் டிசி இருந்தால் நல்லது. வருஷக்கணக்கில் அலமாரியில் தூங்கிய பெட்டியாக இருந்தால் நம்மூர் மெக்கானிக்குகளின் பழைய வழியே சிறந்தது: சீரிஸ் பல்பு போர்டு. நூறு வாட் குண்டு பல்பு வழியாக மின்சாரம் கொடுத்தால், நல்ல பெட்டி பல்பை ஒரு கணம் மினுக்கிவிட்டு மங்கவைக்கும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்துகொண்டே இருக்கும், டிரான்சிஸ்டர் பிழைத்துக்கொள்ளும்.

பெரிய பெட்டிகளின் காலம் சீக்கிரமே முடிந்தது. 1971 வரை டாலருக்கு 360 யென் என்று நிலையாக இருந்தது, 1978-இல் 200-க்கும் கீழே போனது. ஜப்பானில் செய்து அமெரிக்காவில் விற்கும் கனமான பெட்டிக்குக் கணக்குக் கட்டுப்படியாகவில்லை. டிரான்சிஸ்டர் வரிசைக்குப் பதில் ஒற்றைச் சில்லு, சுழலும் சக்கரத்துக்குப் பதில் டிஜிட்டல் எண், தடித்த அலுமினிய முகப்புக்குப் பதில் பிளாஸ்டிக் என்று எண்பதுகள் மெலிந்தன.

அமெரிக்காவிலிருந்து யாராவது இப்படி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தால் இரண்டு சங்கதிகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பின்பக்கத்தில் மின்னழுத்தம் மாற்றும் வசதி இல்லாவிட்டால் அது 120 வோல்ட் மட்டும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம். அங்கே 60 சுற்று, இங்கே 50. அமெரிக்காவுக்கு மட்டும் என்று செய்த டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் காந்தப் பாயம் இருபது சதவீதம் கூடி, அது வழக்கத்தைவிடச் சுடும், முனகும். முடிந்தால் 110 வோல்ட்டுக்கு இறக்கிக் கொடுப்பது நல்லது. இரண்டாவது பலருக்குத் தெரியாது. எஃப்எம் நிலையங்கள் மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் தூக்கி ஒலிபரப்பும், ரிசீவர் அதே அளவு இறக்கும். அமெரிக்காவில் அந்த அளவு 75 மைக்ரோ வினாடி, இந்தியாவில் 50. சென்னையில் 1977 ஜூலை 23-இல் தொடங்கிய நாட்டின் முதல் எஃப்எம்முக்குப் பிறகு இங்கே வந்த எந்த நிலையத்தைப் போட்டாலும், அமெரிக்கப் பெட்டி மேல் ஸ்தாயியைச் சுமார் மூன்றரை டெசிபெல் வரை கூடுதலாக வெட்டிவிடும். ஜால்ராவும் சகாரமும் மழுங்கிக் கேட்கும். டியூனர் பலகையில் சேனலுக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு சிறு கண்டன்சர்களை, மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தவையாக மாற்றிவிட்டால் சரியாகிவிடும், 0.015 இருந்த இடத்தில் 0.01 மைக்ரோஃபாரட்.